பாட்டனைப் பார்த்திராத பேரப்பிள்ளைகள்

1969 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரத்து நீதிமன்றத்தில் சாந்தி நாயுடு என்ற 34 வயதுப் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வின்னி மண்டேலா உள்ளிட்ட 22 பேர் மீதான வழக்கு அது. சாந்தி ஜூன் மாதத்திலிருந்து தனிமைச் சிறையில் கிடந்தவர். அரசுத் தரப்புக்குச் சாதகமாக நாலு வார்த்தை பேசிவிட்டால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் மறுத்தார். குற்றம்சாட்டப்பட்டவர்களில் என் தோழிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதிராகப் பேசிவிட்டு என் மனசாட்சியோடு என்னால் வாழ முடியாது என்ற பொருளில் நீதிபதியிடம் சொன்னார். மறுத்ததற்கு இரண்டு மாதத் தண்டனை கிடைத்தது. ஆகமொத்தம் 371 நாட்கள் உள்ளே இருந்தார். அவருடைய பாட்டனார் தம்பி நாயுடு, இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்தை ஏற்க மறுத்துச் சிறைக்குப் போனவர். ஒருமுறை இருமுறை அல்ல, பதினான்கு முறை போனதாகச் சொல்வார்கள். இந்த இரண்டு மறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதின் எதிரொலி போலக் கேட்கும். ஆனால் தம்பி நாயுடு 1933இல் இறந்தார். சாந்தி பிறந்தது 1935இல். பேத்தி பாட்டனைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் அந்த மறுப்பு எந்த வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது?

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எளிதாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. சாந்தியும் உடன்பிறந்தவர்களுமாக ஐந்து பிள்ளைகளும் ஏதாவது ஒரு வகையில் சிறையையோ தடையாணையையோ நாடுகடந்த வாழ்க்கையையோ கண்ட வீட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றுவது இயல்புதான். சாதியைப் பற்றியும் வீரத்தைப் பற்றியும் பேசும்போது ரத்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது நம்மிடமும் ஊறிப்போன பழக்கம் என்பதால் இந்த விளக்கம் நமக்கு உடனே பிடித்தும் போகிறது. ஆனால் இது எதையும் விளக்கவில்லை. காந்தி நடத்திய 1913 போராட்டத்தில் நேட்டாலின் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலையை நிறுத்தியவர்கள் ஆயிரக்கணக்கானோர். பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசிய ஒப்பந்தக் கூலிகள். அவர்களிடமும் ரத்தம் இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் கடை வைத்தார்கள், பள்ளி ஆசிரியர்களானார்கள், ஆலை வேலைக்குப் போனார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதைவிடக் கூர்மையான சான்று காந்தியின் மூத்த மகன் ஹரிலால். 1908இல் உரிமம் இல்லாமல் பழம் விற்று, கைதாவதற்கென்றே கைதானவர். அடுத்த சில ஆண்டுகளில் ஆறு முறை சிறைக்குப் போய், சின்ன காந்தி என்று பெயர் வாங்கியவர். அந்த மனிதர்தான் 1911இல் தந்தையோடு முறித்துக்கொண்டார். 1936இல் மதம் மாறியதும், பிறகு திரும்பி வந்ததும், 1948இல் பம்பாயில் கவனிப்பாரற்று இறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தந்தையின் ரத்தமும் இருந்தது, தந்தையின் செயலும் இருந்தது, சிறைக்கு அஞ்சாத துணிவும் இருந்தது. இத்தனை இருந்தும் மரபு கைமாறவில்லை.

ரத்தம் இல்லையென்றால் போதனையா? பெற்றோரின் நம்பிக்கையைப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே ஊட்டிவிட்டால் அது தங்கும் என்பது மதங்கள் எல்லாமே நம்பும் விஷயம். புரட்சி இயக்கங்களும் அதையேதான் நம்புகின்றன. தம்பி நாயுடுவும் நம்பினார். மொரீஷியசில் பிறந்தவர், பெற்றோர் சென்னைப் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள். பெரிய பள்ளிப்படிப்பு இல்லை, ஜோகனஸ்பர்க்கில் தொழில் செய்தவர், தமிழ் நலச் சங்கத்தை நடத்தியவர். 1908 பிப்ரவரியில் காந்தியைத் தடியால் அடித்து வீழ்த்தியபோது குறுக்கே பாய்ந்து அடிகளைத் தானும் வாங்கிக்கொண்டவர். காந்தி இவரைச் சிங்கம் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார். முன்கோபம் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையையே ஏற்றிருக்கக்கூடியவர் என்றும் எழுதியிருக்கிறார். (காந்தியின் பாராட்டுகளில் எப்போதும் ஒரு கடிவாளம் இருக்கும்.) காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் அந்தச் சிங்கத்துக்குக் கிடைத்த பொறுப்பு சுகாதாரமும் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும். 1914இல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியபோது தம்பி நாயுடு தன் நான்கு மகன்களை அவரிடம் ஒப்படைத்தார், நாட்டுக்குத் தரும் காணிக்கையாக. அந்தப் பையன்கள் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புப் பள்ளிப் பிள்ளைகளோடு கப்பலேறி, சாந்திநிகேதனிலும் பிறகு காந்தியின் ஆசிரமத்திலும் வளர்ந்தார்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகனஸ்பர்க் எம்பயர் அரங்கில் அந்தக் கைரேகைச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதி எடுத்தபோது, காந்தி கூட்டத்தை எச்சரித்த விஷயம் ஒன்று உண்டு. அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து அவரவர் எடுக்க வேண்டிய உறுதி இது, மற்ற எல்லோரும் விலகிப் போனாலும் எடுத்தவரை இது கட்டும் என்றார். ஒருவருக்காக இன்னொருவர் எடுக்கக்கூடிய சபதமாக அது இருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்கத்தின் முன்னணி வீரர் நான்கு பிள்ளைகளைக் கொடுக்கிறார், அதே தலைவர் வாங்கிக்கொள்கிறார். கொடுத்தவரின் தியாகத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். கொடுக்கப்பட்ட பையன்களிடம் யாராவது கேட்டார்களா என்பது அந்தக் காலத்துக் கேள்வி அல்ல என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்த எம்பயர் அரங்கத்துப் பேச்சே அந்தக் கேள்வியை எழுப்பத்தான் செய்கிறது. விளைவு என்ன? அந்த நால்வரில் ஒருவரான நாரணசாமி, காந்தியின் கண்பார்வையிலேயே வளர்ந்தவர், வளர்ப்பு மகன் என்றுகூடச் சொல்லப்பட்டவர், தென்னாப்பிரிக்கா திரும்பித் தொழிற்சங்கத்துக்குப் போனார், பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். ராய் நாயுடு என்று அவரை அழைத்தார்கள். கடவுளைச் சாட்சியாக வைத்துத் தொடங்கிய வழியில் அடுத்த தலைமுறையே கடவுளை விட்டு மார்க்ஸைப் பிடித்துக்கொண்டது. ஆசிரமத்து வளர்ப்பால் ஒரு நம்பிக்கையை ஊட்டிவிட முடியும் என்றால் அது முடிந்திருக்க வேண்டிய இடம் அவரிடம்தான்.

நம்பிக்கையை அப்படியே கைமாற்றி வாங்கிக்கொண்டவரும் ஒருவர் இருந்தார்: காந்தியின் இரண்டாம் மகன் மணிலால். 1920 முதல் 1956இல் இறக்கும்வரை ஃபீனிக்ஸில் இருந்து ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழை நடத்தினார். 1903இல் தொடங்கியபோது தமிழ்ப் பக்கங்களும் இருந்த இதழ் அது. முப்பத்தாறு ஆண்டு வாரந்தோறும் அச்சுக்குப் போகும் ஓர் இதழைத் தாங்கிப் பிடிப்பது எத்தனை தனிமையான வேலை என்பது சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும். ஃபாத்திமா கூல் என்ற பெண்ணை மணக்க விரும்பியபோது தந்தை மறுத்தார், மணிலால் பணிந்தார். 1930இல் தராசனா உப்புக்களத்துக்குப் போனார். 1952இல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசும் சேர்ந்து சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியபோது அவர் அவர்களோடு வாதாடினார்: அகிம்சை என்பது வசதிக்காக எடுக்கும் உத்தியாக இருக்கக் கூடாது, அது நெறியாக இருக்க வேண்டும். மண்டேலா முதலியவர்கள் அதை உத்தியாகவே ஏற்றார்கள். பலன் தரும்வரை அகிம்சை என்பது அவர்கள் நிலை. மணிலால் விவாதத்தில் தோற்றார், ஆனாலும் பிறகு தானும் சட்டத்தை மீறிச் சிறை போனார். அவரைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நெறியைக் கலப்படமில்லாமல் காத்தவர் அவர். ஆனால் கலப்படமில்லாமல் காக்கப்பட்டதாலேயே அவர் காலத்துப் போராளிகளுக்கு அந்த நெறி அவர் தந்தையின் உடைமையாகவே தெரிந்தது. மகனின் குரலில் அவர்கள் கேட்டது தந்தையைத்தான்.

நாயுடு வீட்டில் கைமாறியது வேறு. அது என்ன என்று பார்க்க 1953ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நாரணசாமி இறந்தார். மூத்த மகள் சாந்திக்கு 18 வயது, இந்திரஸ் என்ற மகன் அவரைவிட ஒரு வயது இளையவர், அதற்குக் கீழே இன்னும் மூவர். பாட்டன் போய் இருபது ஆண்டு; தந்தையும் இல்லை. மிஞ்சியவர் தாய் மனோன்மணி. ஊர் முழுக்க அவரை அம்மா என்றே அழைத்தது. ஜோகனஸ்பர்க்கின் டோர்ன்ஃபான்டைன் பகுதியில் ராக்கி தெருவில் இருந்த அவர் வீட்டுக் கதவு சாத்தப்பட்டதில்லை. இனம் இனமாகக் குடியிருப்பைப் பிரிக்கச் சட்டம் போட்ட நாட்டில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் இந்தியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். மண்டேலாவுக்கு அம்மா வைக்கும் நண்டுக் குழம்பின் மீது தனி ஆசை என்று சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசியல் வகுப்பு யாரும் எடுத்ததைவிட முக்கியமானது, சட்டம் தடுத்ததை அன்றாடம் தட்டில் பார்த்து வளர்ந்தது. மறுப்பு என்பது அங்கே வீரச் செயலாக அறிமுகமாகவில்லை. யாராவது வந்துகொண்டிருப்பார்கள், யாராவது தலைமறைவாக இருப்பார்கள், யாராவது உள்ளே இருப்பார்கள், அவர்களுக்குச் சோறு போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தம்பி நாயுடுவின் மகள் தாயநாயகியிடமும் இதையே பார்க்கலாம். 1956 டிசம்பரில் 156 பேரைக் கைது செய்து தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 1958இல் அந்த வழக்கைப் பிரிட்டோரியாவுக்கு மாற்றியபோது, ஜோகனஸ்பர்க்கிலிருந்து குற்றம்சாட்டப்பட்டவர்கள் தினமும் பேருந்தில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய்வர வேண்டியிருந்தது. வேலை போயிற்று, வருமானம் போயிற்று. வழக்கை மாற்றியதன் நோக்கமே அலைக்கழிப்பதுதான். அங்கே பிரிட்டோரியாவில் தாயநாயகி பிள்ளையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விசாரணை நாட்களில் எல்லோருக்கும் காரசாரமாக மதியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தார்கள். மண்டேலா தன் வரலாற்றில் இதை மறக்காமல் பதிந்திருக்கிறார். 1961 மார்ச்சில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் கடைசி ஆளும் விடுதலையாகும்வரை அந்த வழக்கு இழுத்தது. சட்ட வரலாற்றில் வழக்கறிஞர்களின் வாதங்கள் இருக்கின்றன. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் அத்தனை ஆண்டு மனம் விட்டுப்போகாமல் ஒன்றாக இருந்ததற்கு அந்தச் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. டால்ஸ்டாய் பண்ணையில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிப் போட்டவரின் மகள் அவர். மனசாட்சி தனி ஒருவரின் நெஞ்சில் இருப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். அது தெருவுக்கு வந்து நிற்க வேண்டுமானால் பின்னால் ஒரு வீடு வேண்டும். கைதானவரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, வாடகை யார் கட்டுவது, வெளியே வந்தவரை எங்கே படுக்க வைப்பது என்ற ஏற்பாடுதான் தலைமுறை தாண்டிப் போகிறது. கொள்கை அந்த ஏற்பாட்டின் மேல் வந்து உட்கார்கிறது, மாறவும் செய்கிறது.

இதற்கு முதல் மறுப்பு கடுமையானது. மாறுகிறது என்கிறீர்களே, எதுவாக மாறியது? 1963 ஏப்ரலில் இந்திரஸ் நாயுடு வேறு இரண்டு தோழர்களோடு ஜோகனஸ்பர்க்கில் ரயில் சமிக்ஞைக் கொட்டகையை வெடிவைத்துத் தகர்க்கப் போய், போலீசாரின் குண்டடிபட்டுப் பிடிபட்டார். பத்தாண்டு தண்டனையை ராபன் தீவில் கழித்தார். சத்தியாக்கிரகியின் பேரன் கையில் வெடிமருந்து. இது மரபுத் தொடர்ச்சியா, மரபுத் துரோகமா? ஷார்ப்வில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வேறு வழி இருக்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. காந்தியோடு பழகிய நானா சீத்தா அதே காலத்தில் பிரிட்டோரியாவில் தன் வீட்டை விட்டுப் போக மறுத்து, ஆயுதம் எதையும் தொடாமல், மீண்டும் மீண்டும் சிறை போய்க்கொண்டிருந்தார். வழி இருந்தது, அது எங்கே கொண்டுபோகும் என்பதுதான் தெரியவில்லை. எனவே தம்பி நாயுடு உயிரோடு இருந்திருந்தால் பேரனை ஒப்புக்கொண்டிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துரோகம் என்ற சொல் பொருந்த வேண்டுமானால் இந்திரஸ் எதையோ காப்பதாக வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். பாட்டனின் சபதம் பாட்டனுடையது. எம்பயர் அரங்கத்து விதிப்படியே பேரனை அது கட்டாது. அந்த வீட்டில் யாரும் பிள்ளைகளிடம் அகிம்சைக்கு உறுதி கேட்டதாகத் தெரியவில்லை. சிக்கலான விஷயம் என்னவென்றால், வழிமுறையை இப்படி விட்டுக்கொடுத்த அதே வீட்டில்தான் ஆறு ஆண்டு கழித்துச் சாந்தி கூண்டில் ஏறி, யாரையும் தொடாமல், எதையும் தகர்க்காமல், மாட்டேன் என்று மட்டும் சொன்னார். சத்தியாக்கிரகம் என்று 1908இல் எதைச் சொன்னார்களோ அதற்கு இதைவிட நெருக்கமான செயல் 1969இல் எனக்குத் தெரிந்து இல்லை. அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் ஒரே மரபிலிருந்து வேறு வேறு பக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். மணிலாலுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு சமையலறையைப் பற்றியது. ஆண்கள் சிறைக்குப் போக, பெண்கள் சோறாக்கிப் போட, அதையே மரபின் உயிர்நாடி என்று புகழ்வது பழைய வேலைப் பிரிவினைக்குப் பொன்முலாம் பூசுவதாகாதா? ஓரளவு ஆகும். அந்தப் பெண்களின் உழைப்புக்கு வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்கள்தான் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் குடும்பத்தில் அந்தப் பிரிவினை அத்தனை ஒழுங்காக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் 1913இல் டிரான்ஸ்வாலில் இருந்து நேட்டாலுக்கு எல்லை கடந்து போன பதினொரு பெண்களில் ஒருவர். கைக்குழந்தையோடு போனார். நியூகாசில் சுரங்கக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் பேசித் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இறக்கியவர்கள் அவர்கள்தான். மூன்று மாதக் கடுங்காவலை மாரிட்ஸ்பர்க் சிறையில் கழித்தார்கள். அதே சிறையில் நோயுற்று வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த வள்ளியம்மையைத் தமிழ்நாட்டுக்குத் தெரியும், வீரம்மாளைத் தெரியாது. இறந்தவர்களை நினைவில் வைப்பது எங்கும் எளிதாக இருக்கிறது. பிழைத்து வந்து பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சிலை வைப்பதில்லை. மாமியார் சிறை போனவர், மருமகள் 1956 ஆகஸ்டில் பிரிட்டோரியா அரசு மாளிகைக்குப் பெண்கள் நடத்திய பேரணியில் போனவர், பேத்தி சாட்சி சொல்ல மறுத்தவர். ஆண்வழி மரபாக எழுதப்படும் இந்தக் கதையைப் பெண்வழியாகவும் எழுதலாம். சான்றுகள் அந்தப் பக்கம்தான் இன்னும் இறுக்கமாகப் பொருந்துகின்றன.

மூன்றாவதாக, இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு மரபைப் பற்றிப் பேசுவதே தேர்ந்தெடுத்த சான்று என்று ஒருவர் சொல்லலாம். நிலைத்த வீடு கண்ணில் படுகிறது. சிதைந்த வீடுகள் படுவதில்லை. இது உண்மை. சிறையால் நொடித்து, பிள்ளைகள் படிப்பை இழந்து, அரசியல் என்ற சொல்லையே வெறுத்துப்போன குடும்பங்கள் அந்தக் காலத் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். ஹரிலாலின் ஆத்திரத்தின் மையமும் படிப்புதான். இங்கிலாந்து போய்ப் படிக்க ஒரு நண்பர் தந்த உதவித்தொகையைத் தந்தை சொந்த மகனுக்குத் தரவில்லை, பாரபட்சம் கூடாதென்று வேறொருவருக்குக் கொடுத்தார். கொள்கைப்படி சரி. ஆனால் ஆறு முறை சிறை போன மகன் தனக்கென்று ஒன்றைக் கேட்டதும் அது பலவீனமாகப் பார்க்கப்பட்டது. ஃபீனிக்ஸிலும் கூட்டு வாழ்க்கை இருந்தது, பொதுச் சமையல் இருந்தது, வருவோர் போவோர் இருந்தார்கள். ஏற்பாடு மட்டும் போதுமென்றால் ஹரிலால் தங்கியிருக்க வேண்டும். அங்கே தந்தையே சமூகத்தின் தலைவர், தந்தையே நீதிபதி. அவரோடு ஒத்துப்போகாதவருக்குப் போக வேறு அறை இல்லை, வெளி வாசல்தான். ராக்கி தெரு வீட்டில் அப்படி ஒரு நீதிபதி இருக்கவில்லை. இருந்திருக்கக்கூடியவர்கள் இருவரும் சீக்கிரம் இறந்துபோனார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய தந்தையர் நெடுங்காலம் வாழ்வது பிள்ளைகளுக்கு நல்லதா என்ற கேள்வியை காந்தியின் வீடும் தம்பி நாயுடுவின் வீடும் சேர்ந்து நம்மிடம் கேட்கின்றன.

1994இல் ஜனநாயகம் வந்தபோது மணிலாலின் மகள் இலா காந்தியும் நாரணசாமியின் மகன் இந்திரஸும் ஒரே கட்சியின், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின், சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1952இல் இலாவின் தந்தையின் வாதத்தை ஏற்காத கட்சி அது; 1961இல் ஆயுதப் பிரிவு தொடங்கிய கட்சி; 1999இல் போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் போர் விமானங்களும் வாங்க ஒப்பந்தம் போட்டு, அதில் எழுந்த ஊழலின் நாற்றத்தைப் பல ஆண்டுகள் சுமந்த அரசும் அந்தக் கட்சியுடையதுதான். நாரணசாமியின் இளைய மகன் பிரேமா, தப்பி வந்த அரசியல் கைதிக்கு உதவியதற்காக 1980களின் தொடக்கத்தில் ஓராண்டு சிறையில் இருந்தவர், பிறகு ஜோகனஸ்பர்க் மாநகராட்சியில் உறுப்பினரானார். எதிரி வெளியே இருந்தவரை சாத்தாத கதவும் வற்றாத சட்டியும் போதுமாக இருந்தன. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவர்களே அமைச்சர்களாகி, அவர்களில் சிலர் கைநீட்டிப் பணம் வாங்கும்போது மாட்டேன் என்று சொல்ல எந்த வீட்டில் பழகுவது? தம்பி நாயுடு பதினான்கு முறை சிறை போனது அந்நியர் போட்ட சட்டத்துக்கு எதிராக. தோழருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்ற சாந்தியின் மறுப்பு இந்தச் சூழ்நிலையில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதும் அத்தனை எளிதில் தீர்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.